அரசுப் பள்ளி மாணவர்களின் கற்றலையும் மனநலத்தையும் ஒரே ஆய்வில் அளப்பது எப்படி?

கேள்வி: உசிலை ஆய்வு மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையில் கல்வியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். எட்டாம் வகுப்பு அறிவியலை ஆசிரியர் வாசித்து விளக்கும் வழக்கமான முறையில் நடத்தாமல், நான்கைந்து மாணவர்கள் கொண்ட குழுக்கள் எளிய பொருள்களைக் கொண்டு தாமே சோதனை செய்து, கண்டதைத் தம் சொற்களில் எழுதிப் பகிர்ந்துகொள்ளும் முறையில் நடத்தினால் பாட அறிவு கூடுகிறதா, அத்துடன் பள்ளி மீதான ஒட்டுதலும் மனநலமும் மேம்படுகின்றனவா என்பதே என் ஆய்வுக் கேள்வி.

உசிலம்பட்டி, செல்லம்பட்டி, சேடபட்டி ஒன்றியங்களில் பத்துப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, ஐந்தில் புதிய முறையையும் ஐந்தில் வழக்கமான முறையையும் பின்பற்றலாம் என்று திட்டமிட்டிருக்கிறேன். பள்ளிக்கு 40 பேர் வீதம் மொத்தம் 400 மாணவர்கள். ஜூன் இறுதியில் முன்தேர்வு, டிசம்பரில் பின்தேர்வு. இரண்டு முறையும் மனநலம் பற்றிய ஒரு வினாத்தாளையும் கொடுத்து, இரு குழுக்களின் சராசரியை, வேறுபாடு தற்செயலானதா என்று பார்க்கும் டி-சோதனையால் ஒப்பிடுவதாகத் திட்டம். மாதிரியின் அளவு போதுமானது என்று நெறியாளர் கூறிவிட்டார்.

எனக்கு மூன்று ஐயங்கள் உள்ளன. இந்த வடிவமைப்பில் கிடைக்கும் முடிவை நான் மனச்சான்றோடு நம்ப முடியுமா? மனநலத்தை அளக்க எந்தக் கருவியைப் பயன்படுத்துவது? யாராவது ஒரு பிள்ளை தன் வீட்டில் நடக்கும் கொடுமையை வினாத்தாளில் எழுதிவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும்? மூன்றாவது ஐயம் என்னை மிகவும் அலைக்கழிக்கிறது. நான் பார்த்த ஆய்வேடுகளில் இதைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை.

மறுமொழி 1: நாகமலைவாசி

வணக்கம் அம்மா. கல்வியியல் மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், உங்கள் முதல் ஐயத்துக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

400 என்ற எண் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் உங்கள் ஆய்வில் கற்பித்தல் முறை மாறுவது மாணவருக்கு மாணவர் அல்ல, பள்ளிக்குப் பள்ளி. ஒரே வகுப்பில் உட்காரும் 40 பிள்ளைகளுக்கு ஆசிரியர் ஒருவர், ஊர் ஒன்று, தலைமையாசிரியர் ஒருவர், மைதானம் ஒன்று. ஆகவே அவர்களுடைய மதிப்பெண்களும் விடைகளும் ஒன்றையொன்று ஓரளவு சார்ந்தே இருக்கும். இந்தச் சார்பை உட்குழு ஒட்டுறவுக் கெழு என்ற எண்ணால் குறிக்கிறோம். அது 0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு 40 பேர் என்றால், 39-ஐ 0.1-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டக் கிடைப்பது 4.9. உங்கள் 400 பேரை இந்த 4.9-ஆல் வகுத்தால், ஒருவரையொருவர் சாராத ஏறத்தாழ 82 பேரிடமிருந்து கிடைக்கக்கூடிய தகவல்தான் உங்கள் கையில் இருக்கிறது என்று தெரியவரும். சாதாரண டி-சோதனை இதை அறியாது. 400 பேரும் தனித்தனி என்று நம்பி, இல்லாத வேறுபாட்டையும் முக்கியமான வேறுபாடு என்று காட்டிவிடும்.

அதே 400 பேரைப் பள்ளிக்கு 20 பேர் வீதம் இருபது பள்ளிகளில் எடுத்தீர்களானால் வகுக்கும் எண் 2.9 ஆகிறது, பயனுள்ள அளவு ஏறத்தாழ 138-ஆக உயர்கிறது. மாணவர் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிடப் பள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதே பலன் தரும். அலைச்சல் கூடும் என்பது உண்மைதான், ஆனால் அதற்குக் குறுக்கு வழி கிடையாது. எந்தப் பள்ளிக்குப் புதிய முறை என்பதை நீங்களோ வட்டாரக் கல்வி அலுவலரோ தீர்மானிக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். ஆர்வமுள்ள தலைமையாசிரியரின் பள்ளிக்குப் புதிய முறை என்று அமைந்துவிட்டால், நீங்கள் அளப்பது அந்தத் தலைமையாசிரியரின் ஆர்வத்தைத்தான்.

புதிய முறையில் பாடம் நடத்தப்போவது யார் என்று நீங்கள் எழுதவில்லை. நீங்களே ஐந்து பள்ளிகளுக்கும் சென்று நடத்துவதாக இருந்தால், ஒரு புதிய ஆளின் வருகையும் அவர் காட்டும் அன்புமே விளைவுக்குக் காரணமாகிவிடக்கூடும். அந்தந்தப் பள்ளியின் அறிவியல் ஆசிரியரே நடத்தட்டும். நீங்கள் பயிற்சி மட்டும் கொடுங்கள்.

முன்தேர்வு, பின்தேர்வு நாள்களில் வராத பிள்ளைகள் பலருடைய ஆய்வில் சத்தமில்லாமல் காணாமல் போகிறார்கள். மனநலம் பற்றிய ஆய்வில் இது சிறிய குறை ஆகாது, ஏனென்றால் பள்ளிக்கு வராதவர்களிடையேதான் நாம் தேடுகிற துயரம் மிகுதியாக இருக்க வாய்ப்புண்டு. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் தமிழ்நாட்டு ஊரகக் குழந்தைகள் ஏறத்தாழ 19,000 பேரைக் கொண்டு செய்த ஆய்வை இந்தக் கோணத்தில் படித்துப் பாருங்கள். கொரோனாவுக்கு முன் 2019-இல் எடுத்த அளவு அவர்களிடம் இருந்தது. பிள்ளைகளை வீட்டிலேயே சந்தித்துத் தேர்வு வைத்தார்கள். அதனால்தான் 2021 டிசம்பரில் குழந்தைகள் முந்தைய அதே வயதினரைவிடக் கணிதத்தில் ஏறத்தாழ 0.7 திட்ட விலக்கமும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பரவியிருக்கும் அளவே திட்ட விலக்கம்) மொழியில் 0.34 திட்ட விலக்கமும் பின்தங்கியிருந்தார்கள் என்றும், பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்றும் அவர்களால் சொல்ல முடிந்தது. பள்ளிக்கு வந்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்திருந்தால் இப்படி உறுதியாகச் சொல்லியிருக்க இயலாது. உங்களால் எல்லா வீடுகளுக்கும் செல்ல முடியாமல் போகலாம். விடுபட்ட பிள்ளைகளுக்காக மட்டுமாவது மறுநாளும் அடுத்த வாரமும் செல்லுங்கள். எத்தனை பேர் விடுபட்டார்கள் என்பதை ஆய்வேட்டில் எழுதுங்கள்.

மறுமொழி 2: செல்லம்பட்டி ஆசிரியர்

வணக்கம் சகோதரி. இந்த வட்டாரத்தில் நடுநிலைப் பள்ளி ஒன்றில் பணிபுரிகிறேன். நாகமலை ஐயா எழுதியவை அனைத்தும் தேவையானவை. களத்தில் இருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதலில் உங்கள் கால அட்டவணை. எங்கள் சுற்றுவட்டாரத்தில் மல்லிகைத் தோட்டங்கள் உண்டு. பூ வரத்து மிகுந்திருக்கும் கோடை மாதங்களிலும் அதையொட்டிய ஜூன், ஜூலையிலும் என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் விடியுமுன் எழுந்து தாயோடு தோட்டத்துக்குப் போய் மொட்டெடுத்துவிட்டு, மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குச் செல்லும் வண்டியில் மூட்டை ஏறிய பிறகுதான் பள்ளிக்கு வருகிறார்கள். முதல் பாடவேளையில் விரல் நுனியில் பச்சைக் கறையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை, மூன்றாம் பாடவேளையில் தலையைக் கவிழ்த்துவிடும். மார்கழிப் பனியில் பூ வரத்து குறைந்துவிடும். பிள்ளைகளும் நன்றாக உறங்கி எழுந்து வருவார்கள். ஜூனில் ஒருமுறையும் டிசம்பரில் ஒருமுறையும் 'சோர்வாக உணர்கிறாயா' என்று கேட்டால், நீங்கள் எந்த முறையில் பாடம் நடத்தியிருந்தாலும் டிசம்பரில் நிலைமை மேம்பட்டதாகவே தெரியும். வழக்கமான முறையில் படிக்கும் கட்டுப்பாட்டுக் குழு இருப்பதால் இது சரியாகிவிடும் என்று நினைக்கலாம். ஆனால் சோதனைப் பள்ளிகள் பூந்தோட்ட ஊர்களிலும் மற்றவை மானாவாரி ஊர்களிலும் அமைந்துவிட்டால் ஒப்பீடே பிழையாகிவிடும். ஆகவே குலுக்குவதற்கு முன் ஊர்களை அவற்றின் தொழில் வாரியாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் குலுக்குங்கள்.

அடுத்தது பசி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் தொடங்கப்பட்டது. அது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கானது. எங்கள் பள்ளியில் சிறு பிள்ளைகள் காலையில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போகும்போது, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலர் மதியச் சத்துணவு வரை வெறும் வயிற்றோடு இருக்கிறார்கள். மனநல வினாத்தாளோடு, காலையில் சாப்பிட்டாயா, நேற்று இரவு எத்தனை மணிக்குப் படுத்தாய் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துவிடுங்கள். பல ஆய்வுகள் மனத்தைப் பற்றி நூறு கேள்விகள் கேட்டும் வயிற்றைப் பற்றி ஒன்றும் கேட்காமல் போவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

வினாத்தாளைக் கொடுக்கும்போது வகுப்பாசிரியர் அறையில் இருக்க வேண்டாம். எங்கள் பிள்ளைகள் அச்சிட்ட தாளை எல்லாம் தேர்வாகவே பார்ப்பார்கள். 'சார், மூணாவதுக்கு என்ன போடணும்?' என்று ஒரு பிள்ளை கேட்கும். பக்கத்துப் பிள்ளை எட்டிப் பார்த்து அதையே தானும் போடும். ஆசிரியர் முகம் பார்த்து 'எப்போதும் மகிழ்ச்சியாக இருக்கிறேன்' என்ற கட்டத்தில் குறியிடும். அரையாண்டுத் தேர்வு நெருங்கும் வாரத்தையும், ஊர்த் திருவிழாவை ஒட்டிய நாள்களையும் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் நீங்களே நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். எட்டாம் வகுப்பிலும் சரளமாக வாசிக்க இயலாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கூச்சத்தால் அதைச் சொல்ல மாட்டார்கள்.

அனுமதி பற்றியும் ஒரு செய்தி. உங்கள் ஒன்றியங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் நிறைய உள்ளன. அவற்றின் நிர்வாகம் தனி. முதன்மைக் கல்வி அலுவலரின் கடிதம் கையில் இருப்பதால் எல்லாப் பள்ளிக்கும் போகலாம் என்று எண்ணிவிடாமல், மதுரையிலுள்ள கள்ளர் சீரமைப்பு இணை இயக்குநர் அலுவலகத்திலும் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

மறுமொழி 3: பள்ளி மனநல ஆலோசகர், மதுரை

மூன்றாவது ஐயத்தை எழுப்பியதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். அதற்கே முதலில் விடை தருகிறேன்.

'நீ எழுதுவதை யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்ற வாக்குறுதியைப் பிள்ளைகளுக்குத் தராதீர்கள். அதை உங்களால் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் கூடாது. ஒரு குழந்தை பாலியல் வன்முறைக்கு உள்ளாகியிருப்பதாகத் தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி அதைக் காவல்துறையிடமோ சிறார் சிறப்புக் காவல் பிரிவிடமோ தெரிவிப்பது உங்கள் கடமை. ஆய்வாளர் என்பதால் விலக்கு இல்லை. 'உனக்கோ வேறொருவருக்கோ ஆபத்து என்று தோன்றினால் மட்டும், உன்னிடம் சொல்லிவிட்டு, உதவக்கூடிய பெரியவர் ஒருவரிடம் சொல்வேன்' என்று தொடக்கத்திலேயே எளிய தமிழில் சொல்லிவிடுங்கள். இதனால் சிலர் எழுதாமல் போகலாம். பரவாயில்லை.

வினாத்தாளில் பெயர் இல்லாமல் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று சிலர் கருதுகிறார்கள். பெயர் இல்லாவிட்டால், 'சாகலாம் போல இருக்கிறது' என்று எழுதிய பிள்ளையைத் தேடிக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. தாளில் எண் மட்டும் இருக்கட்டும். அந்த எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியல் உங்களிடம் மட்டும், பூட்டிய இடத்தில் இருக்கட்டும். தாள்களை வாங்கிய அன்றே, ஊர் திரும்புவதற்கு முன், ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மாதக்கணக்கில் கட்டி வைத்துவிட்டு, தரவு உள்ளீடு செய்யும்போது பார்ப்பதில் எந்த நியாயமும் இல்லை. யாரிடம் அனுப்புவது என்பதையும் களத்துக்குப் போகுமுன் முடிவு செய்துவிடுங்கள்: குழந்தைகள் உதவி எண் 1098, மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. ஏற்பாடு எதுவும் செய்ய முடியாத நிலையில், தற்கொலை எண்ணம் பற்றிய கேள்வியைக் கேட்காதீர்கள்.

இசைவு பற்றி: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி, பெற்றோரின் எழுத்துப்பூர்வ இசைவோடு, 12 முதல் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடமும் எழுத்துப்பூர்வமாக இசைவு பெற வேண்டும். தலைமையாசிரியரின் கையொப்பம் இவை இரண்டுக்கும் ஈடாகாது.

கருவியைப் பொறுத்தவரை, ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்ட, பலங்களையும் இடர்ப்பாடுகளையும் பற்றிய 25 கூற்றுகள் கொண்ட வினாத்தாள் தமிழிலும் கிடைக்கிறது. 11 வயதுக்கு மேற்பட்டோர் தாமே நிரப்பும் வடிவமும் உண்டு. ஆனால் அதன் ஐந்து பகுதிகளில் நான்கு இடர்ப்பாடுகளைப் பற்றியவை. இடர்ப்பாடு குறைவு என்பதும் நலம் மிகுதி என்பதும் ஒன்றல்ல. பள்ளியில் நண்பர் உண்டா, ஆசிரியர் தன் பேச்சைக் கேட்கிறாரா, தவறாகச் சொன்னால் சிரிப்பார்களோ என்ற அச்சம் உண்டா என்பன போன்ற, உங்கள் கற்பித்தல் முறையால் உண்மையில் மாறக்கூடியவற்றைத் தனியே அளப்பது நல்லது. அறிவியல் வகுப்பில் குழுவாகச் சோதனை செய்வதால் ஒரு பிள்ளையின் மனச்சோர்வே நீங்கிவிடும் என்று எதிர்பார்ப்பது அந்த முறையின் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றுவதாகும்.

எதிர்பார்ப்பைப் பற்றிச் சொல்ல இரண்டு பெரிய ஆய்வுகள் உள்ளன. பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரிடம், பயிற்சி பெற்ற ஆசிரியர்களைக் கொண்டு அந்தந்த நொடியில் கவனத்தை நிறுத்தும் மனநிறை தியானப் பயிற்சியை அளித்துப் பார்த்த மிரியட் ஆய்வின் முடிவுகள் 2022-இல் வெளிவந்தன. வழக்கமான கல்வியைவிட அது மேலானதாக இல்லை. பீகார் மாநிலம் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் நடந்து 2018-இல் வெளியான செஹர் ஆய்வில், பள்ளிச் சூழலை மேம்படுத்தும் ஒரே திட்டத்தை ஒரு பிரிவில் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களும் மற்றொரு பிரிவில் ஆசிரியர்களும் நடத்தினார்கள். ஆலோசகர்கள் நடத்திய பள்ளிகளில் மாணவரிடையே கொடுமைப்படுத்தலும் மனச்சோர்வும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்தியவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. என்ன செய்கிறோம் என்பதைப் போலவே யார் செய்கிறார் என்பதும் ஆய்வுக்குரிய கேள்விதான்.

செல்லம்பட்டி ஆசிரியர்

ஆலோசகர் அம்மா கூறிய பீகார் ஆய்வின் முடிவை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆசிரியர்களால் இது முடியாது என்று அதைப் படித்துவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள். ஆலோசகருக்கு அது ஒன்றே பணி. ஆசிரியருக்குப் பாடம், மாணவர் விவரங்களுக்கான எமிஸ் இணையதளப் பதிவுகள், விலையில்லாப் பொருள்களின் கணக்கு, பயிற்சிக் கூட்டங்கள் ஆகியவற்றுக்கு மேல் இதுவும் ஒரு பணி. ஆகவே சகோதரி தம் ஆய்வில் ஆசிரியர்களுக்கு எத்தனை மணி நேரம் கூடுதல் உழைப்பு ஆகிறது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். ஒரு கற்பித்தல் முறை மாணவருக்கு நன்மை தந்து ஆசிரியரைச் சோர்வடையச் செய்தால், ஆய்வாளர் விடைபெற்ற மறுமாதமே அந்த முறையும் விடைபெற்றுவிடும். பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு படிப்படியாகத் தாமே கற்கும் செயல்வழிக் கற்றலை 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிச் சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் விரிவாக்கியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அட்டைகளும் ஏணிப்படியும் எல்லாப் பள்ளிக்கும் வந்து சேர்ந்தன. ஆசிரியருக்கு வேண்டிய நேரமும் தொடர்ந்த துணையும் எல்லா இடத்துக்கும் ஒரேபோல வந்து சேரவில்லை என்பது என் கருத்து.

உசிலை ஆய்வு மாணவி

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. நெறியாளரிடம் இவற்றை அச்சிட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன், பொறுமையாகப் படித்தார். பள்ளிக்கு 20 பேர் வீதம் இருபது பள்ளிகள், தொழில்வாரியாகப் பிரித்துக் குலுக்கல், அந்தந்தப் பள்ளி ஆசிரியரே நடத்துதல், பள்ளியை அலகாகக் கொண்ட பகுப்பாய்வு ஆகியவற்றை ஏற்றுக்கொண்டார். மனநலம் என்ற பரந்த சொல்லுக்குப் பதிலாக, பள்ளியோடு உள்ள ஒட்டுதலையும் வகுப்பறையில் பேசும் அச்சத்தையும் முதன்மை விளைவுகளாக வைக்கிறோம்; இடர்ப்பாடுகளுக்கான வினாத்தாள் துணை அளவாக இருக்கும். உதவி தேவைப்படும் பிள்ளைகளை அனுப்புவதற்கான ஏற்பாட்டைத் தனி இயலாகவே எழுதச் சொன்னார்.

இன்னும் ஒரு கேள்வி. கட்டுப்பாட்டுக் குழுவில் வரும் பத்துப் பள்ளிகளிடமும் நேரத்தை வாங்கிக்கொண்டு அவர்களுக்கு எதுவும் தராமல் வருவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அதே நேரத்தில் அவர்களுக்கும் முறையைக் கற்றுக்கொடுத்துவிட்டால் ஒப்பீடு கெட்டுவிடும். என்ன செய்யலாம்?

நாகமலைவாசி

இதற்கு வழக்கமான ஒரு வழி உண்டு அம்மா. டிசம்பரில் பின்தேர்வு முடிந்ததும், பொங்கல் விடுமுறைக்குப் பிறகு கட்டுப்பாட்டுப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் அதே பயிற்சியைக் கொடுங்கள். முறையால் தீங்கு நேர்ந்ததாகத் தரவு காட்டினால் மட்டும் அதை நிறுத்திக்கொள்ளுங்கள். காத்திருப்புக் குழு என்று இதைச் சொல்வார்கள். அதுவரை சோதனைப் பள்ளி ஆசிரியர்கள் பாடப்பொருள்களைப் பக்கத்துப் பள்ளிக்குக் கொடுக்காமல் இருக்க வேண்டும். அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் அவர்கள் சந்தித்துக்கொள்வார்கள் என்பதால் இதை வெளிப்படையாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவுகளைப் பள்ளிகளிடம் திருப்பிக் கொடுக்கும்போது, எந்தப் பள்ளி முதலிடம், எது கடைசி என்ற வரிசை இருக்கக் கூடாது. ஒவ்வொரு பள்ளிக்கும் அதன் சொந்த விவரத்தையும் எல்லாப் பள்ளிகளின் சராசரியையும் மட்டும் இரண்டு பக்கத் தமிழில் எழுதித் தாருங்கள். ஒரு வகுப்பில் மிகச் சிலரே உள்ள பிரிவுகளைத் தனியே காட்டாதீர்கள். யார் எழுதியது என்று ஊரில் உடனே தெரிந்துவிடும்.

பள்ளி மனநல ஆலோசகர், மதுரை

ஐயா கூறிய பயிற்சி, இரண்டு பக்க அறிக்கை ஆகிய இரண்டையும் அனுமதி கேட்டு எழுதும் கடிதத்திலேயே தேதியோடு குறிப்பிட்டுவிடுங்கள். தலைமையாசிரியர்கள் உங்களை நம்புவதற்கு அது உதவும். அத்துடன் பின்தேர்வுக்குப் பிறகும் குறைந்தது ஒரு மாதம் உங்கள் தொலைபேசி எண் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும். சிலர் தாளில் எழுதாததைப் பிற்பாடுதான் சொல்லத் துணிவார்கள்.